ஆட்டத்துக்கு முதுகு காட்டி நின்ற வருடங்கள்

நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் பெண் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு கபடிப் போட்டியைக் காட்டிவிட்டு வந்திருந்தாள். கைப்பேசியில் படம் காட்டினாள். கன்னத்தில் சாயம் பூசிய பெண்கள் நாற்காலிமேல் ஏறி நின்று, வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள். பின்வரிசை ஆண்கள் இவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். “எப்படி இருக்குது டீச்சர்?” என்றாள். “நல்லா இருக்குதும்மா” என்றேன்.

அவள் போன பிறகு யோசித்தேன். நல்லா இருக்குது என்று சொன்ன வாய்க்கும் நெஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருந்தது பொறாமை. சின்ன வயதிலிருந்து என்னோடு வளர்ந்த அதே பொறாமை. எனக்குத் தலை நரைத்துவிட்டது, அதற்கு நரைக்கவில்லை. பள்ளி மலருக்குப் பழைய அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு எழுதத் தெரிந்தது இது ஒன்றுதான்.

முதலில் பொறாமைப்பட்டது என் அண்ணன் குமரேசன்மேல். எங்கள் காஞ்சிபுரத்து மைதானத்தில் வருடத்துக்கு ஒருமுறை பூப்பந்துப் போட்டி நடக்கும். பக்கத்துக்கு ஐந்து பேர், நரம்பு கட்டிய மர மட்டை, மஞ்சள் கம்பளி நூலில் கட்டிய பந்து. வேலூர், மதராஸ் என்று வெளியூர் அணிகளெல்லாம் வரும். அந்த நாட்களில் பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தம்கூட சாயங்காலம் சீக்கிரமே அடங்கிவிடும். ஆண்கள் எல்லாரும் மைதானத்தில் இருப்பார்கள். அண்ணன் போய்விட்டு வந்ததும் வாசலிலேயே மடக்கிக் கேட்பேன்.

“சென்டர்ல யாருண்ணா நின்னாங்க?”

“யாரோ ஒரு குட்டையானவன்.”

“எப்படி ஆடினான்?”

“நல்லாத்தான் ஆடினான். வழியை வுடு, பசிக்குது.”

கண் நிறையப் பார்த்துவிட்டு வந்து சொல்லத் தெரியாதவனுக்கு அந்தக் கண் எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

பெண்கள் மைதானத்துக்கு வரக்கூடாது என்று எந்தப் பலகையும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் யாராவது ஒருநாள் பிடுங்கிப் போட்டிருக்கலாம். பலகை இல்லாததால் பிடுங்கவும் வழியில்லை. “கிரவுண்டுக்குப் போனவ” என்பது எங்கள் தெருக் குழாயடியில் ஒரு வசவு. அவ்வளவுதான் சட்டம்.

மதராஸில் உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா எதிர்த்தார், அம்மா அழுதார், அண்ணன் நடுவில் நின்று சேர்த்துவிட்டான். நானும் லில்லி என்ற பெண்ணும் ஒரே அறை, ஒரே அணி. அவள் முன்வரிசை, நான் சென்டர். இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து ஆடினோம். படிப்பு முடிந்ததும் அவளுக்கு மதராஸிலேயே வேலை கிடைத்தது. ஓர் அணியிலும் இடம் கிடைத்தது. எனக்குச் சொந்த ஊரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை. கழுத்தில் விசில், கையில் சுண்ணாம்புப் பொடி வாளி. தனபாக்கியம் என்ற பெயர் மறைந்து ‘டிரில் டீச்சர்’ ஆனேன். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அந்த விசிலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்கள் என்று அம்மா கடைசிவரை நம்பினார்.

எங்கள் தலைமையாசிரியை கோமளவல்லி அம்மாள். பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்பார்கள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டால் அன்று யாருக்கோ கெட்ட நேரம். இன்னொரு வழக்கமும் உண்டு. முடியாது என்று சொல்லப்போகிறார் என்றால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். எதிரே நிற்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தால் மறுப்பது சுலபம் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று ஆசிரியைகள் நாங்கள் பேசிக்கொள்வோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், பூப்பந்துக் கழகத்துச் செயலாளர் பள்ளிக்கு வந்தார். போட்டிக்கு எங்கள் பெஞ்சுகளைக் கடன் கேட்க வருடந்தோறும் வருவார். ஜவுளிக்கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர்தான்.

“இந்த வருஷம் கூட்டம் பிச்சிக்கும் டீச்சர்” என்றார். “மதராஸ்லேர்ந்து ரெண்டு பொம்பளைங்க டீம் வருது. கடைசி நாளு அவங்க ஆடிக் காட்டறாங்க.”

“யார் பாக்கறதுக்கு?”

“ஊரே வந்துடும்.”

“பொம்பளைங்க?”

அவர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். “பொம்பளைங்க ஆடறதைப் பொம்பளைங்க இன்னாத்துக்குமா பாக்கணும்?”

அந்த வாக்கியம் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவிடவில்லை. பெண்கள் ஆடுவார்கள். ஊர் ஆண்கள் எல்லாரும் பார்ப்பார்கள். என் பிள்ளைகள் பதினோராம் வகுப்புவரை பள்ளிக் காம்பவுண்டு சுவருக்குள்ளேயே ஆடியவர்கள். நல்ல ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் மட்டும் பார்க்கக் கூடாது. மறுநாள் காலை பெரிய டீச்சர் அறைக்குப் போனேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார்.

“எதுக்குப் போகணும்?”

“என் வாய்ப்பேச்சை நம்பித்தான் நம்ம பொண்ணுங்க ஆடறாங்கம்மா. சென்டர்ல நிக்கிறவ எப்ப முன்னால வரணும்னு சொல்லிப் புரிய வைக்க முடியல. ஒரு தடவை பாத்தா போதும்.”

அவர் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. ஆனால் அதைச் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டார்.

“பொண்ணோட அப்பாவோ அம்மாவோ நேர்ல வந்து எங்கிட்ட சரின்னு சொல்லணும். கிரவுண்டுல தனியா மறைப்பு கட்டணும். கைதட்டல், சத்தம் கூடாது. விளக்கு வைக்கறதுக்குள்ள திரும்பிடணும். நீங்க மறைப்பு வாசல்ல நிக்கணும், வெளிப்பக்கம் பாத்துக்கிட்டு. எவன் கிட்ட வர்றான், எவன் எட்டிப் பாக்கறான்னு உங்க கண்ணு அதுலதான் இருக்கணும்.”

“வெளியே பாத்துக்கிட்டு நின்னா நான் எப்படிம்மா ஆட்டம் பாக்கறது?”

“நீங்க ஆட்டம் பாக்கவா போறீங்க?” என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர் வாசலிலேயே கை கூப்பி அனுப்பிவிட்டார்கள். என் அணியின் சென்டர் பரிமளா; அவள் இல்லாமல் போவதில் அர்த்தமே இல்லை. அவள் அப்பா அருணாசலம் பட்டு நெசவு. தறிக்குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்தபடி, நாடாவை இழைகளுக்கு நடுவே ஓடவிட்டுக்கொண்டே பேசினார். மூலையில் பரிமளாவின் அம்மா சிவகாமி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பொண்ணுக்கு வரன் பேசிக்கினு இருக்கறோம் டீச்சரம்மா. ஆரணிக்காரங்க. இந்த நேரத்துல கிரவுண்டுல போயி உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

“ஆடறது எல்லாம் பொண்ணுங்கதாங்க.”

“ஆடறது பொண்ணுங்க. பாக்கறது யாரு? வந்தவன் பந்தையா பாப்பான்?”

“நீங்க போவீங்களா?”

நாடா ஒருமுறை போய்த் திரும்பியது. “நான் வருசா வருசம் போறவன்” என்றார், என்னைப் பார்க்காமல்.

ராட்டைச் சத்தம் நின்றது. “பரிமளா போவட்டும். கூட நான் போறேன்” என்றார் சிவகாமி.

“பந்தைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?”

“போனாத்தானே தெரியும்? இத்தினி வருசமா போய்ட்டு வர்றீங்களே, ஒரு நாளாவது வந்து எங்களுக்குச் சொன்னதுண்டா?”

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அருணாசலம் மறுநாள் பள்ளிக்கு வந்து பெரிய டீச்சரிடம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி நாளன்று மத்தியானமே மைதானத்துக்குப் போய் இடத்தைப் பார்த்தேன். மூன்று பக்கமும் கீற்றுத் தட்டி கட்டியிருந்தார்கள். ஆட்டம் நடக்கும் பக்கத்தில் பாய்போல் சுருட்டக்கூடிய மூங்கில் தட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் பார்க்கலாம், வெளியே இருப்பவர்கள் இவர்களைப் பார்க்க முடியாது என்பது கணக்கு. கீற்றில் ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். கயிற்று முடிச்சுகளை இழுத்துப் பார்த்தேன். சோடா விற்பவரின் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். பெண்கள் வரும் வழியும் போகும் வழியும் ஆண்கள் கூட்டத்தைத் தொடாமல் இருக்கும்படி சுண்ணாம்புப் பொடியில் நானே கோடு போட்டேன். கிழக்குப் பக்கம் கட்டிவிட்டார்கள். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அதை மாற்ற நேரமில்லை.

எதிர்ப்பக்கம், மேற்கே, சாமியானாவின் நிழலில் சோபா போட்டிருந்தார்கள். ஒரு பெரிய அதிகாரியின் மனைவி அதில் உட்கார வருகிறார். கோப்பை கொடுப்பது அவர். அவருக்குத் தட்டி கிடையாது. அவரைப் பற்றிக் குழாயடியில் யாரும் பேசப்போவதும் கிடையாது. பிள்ளைகளை உட்காரவைக்கும்போது தட்டி இடுக்கு வழியாக, அவர் விசிறிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யார் எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தச் சோபாவை நான் பார்த்த பார்வையில் அது தீப்பிடித்திருக்க வேண்டும்.

பிள்ளைகளை இரண்டிரண்டாக வரிசையில் கூட்டிவந்தேன். நாலைந்து தாய்மார்களும் வந்தார்கள். கடைத்தெருவில் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். “இன்னா டீச்சர், சாமி ஊர்வலமா?” என்று ஒருவர் கேட்டார். வரிசை கலையாமல் நடந்தோம்.

எல்லாரையும் உள்ளே உட்காரவைத்துவிட்டு வாசலில் நின்றபோது மதராஸ் வேன் வந்து நின்றது. வெள்ளைப் பைஜாமா, வெள்ளைச் சட்டை, தூக்கிக் கட்டிய கொண்டையுடன் இறங்கியவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள். லில்லி. அவள்தான் ஓர் அணிக்குத் தலைவி.

“ஏய் பாக்கியம்! நீ ஆடலியா?”

“சொல்லிக் குடுக்கறேன்.”

“அப்ப உள்ள போயி உக்காரு. இன்னிக்கு நல்லா ஆடப்போறோம்.”

“நான் இங்கதான் நிக்கணும்.”

அவளுக்குப் புரியவில்லை. யாரோ கூப்பிட்டார்கள்; மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். முழங்காலை உயர்த்தி ஓடும் அதே ஓட்டம். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பழகிய ஓட்டம். அவள் போன திசையில் என் முகம் தானாகத் திரும்பியது. திருப்பிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. எனக்கு எதிரே ஆண்கள் கூட்டம். முதுகுக்குப் பின்னால் கீற்றுத் தட்டி, அதற்குப் பின்னால் ஆட்டம். சத்தத்தை வைத்துத்தான் பார்த்தேன். நரம்பின் நடுவில் பந்து பட்டால் ஒரு சத்தம், ஓரத்தில் பட்டால் ஒரு சத்தம். ஓங்கி அடித்தது, தூக்கி விட்டது, வலையில் மாட்டியது எல்லாம் காதுக்குத் தெரியும். ஆனால் யார் அடித்தது, யார் விட்டது என்று எதிரே நின்ற ஆண்களின் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களின் கண்ணுக்குள் நான் ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். “கோஷா கேலரிடா டேய்!” என்று முக்காட்டைக் கேலி செய்து ஒரு குரல். சின்னக் கல் ஒன்று கீற்றில் வந்து விழுந்தது. விசிலை வாயில் வைத்து அந்தக் குரல் வந்த பக்கம் முறைத்தேன். அடங்கியது.

உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

“டீச்சர், கோடு கோடாத்தான் தெரியுது.”

“வெயிலு கண்ணுல அடிக்குது. பந்து வர்றதே தெரியல டீச்சர்.”

“சத்தம் போடாதீங்க” என்றேன் திரும்பாமல்.

பிறகு சிவகாமியின் குரல்: “இதுக்கு ஊட்லயே கண்ணை மூடிக்கினு உக்காந்துக்கினு இருக்கலாமே!” வளையல் சத்தம். கயிறு அவிழும் சத்தம். அடுத்து எனக்கு எதிரே இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டினார்கள்.

நான் உள்ளே ஓடினேன். சிவகாமி மூங்கில் தட்டியைக் கீழிருந்து மேலே கச்சிதமாகச் சுருட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தறி வேலை பார்த்த கை. ஒரு கோணல் இல்லை. மைதானம் முழுக்க எங்களையே பார்த்தது. பந்து தரையில் கிடந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். “டீச்சர், அதை எறக்கச் சொல்லுங்க. இல்லன்னா எல்லாரையும் கூட்டிக்கினு கிளம்புங்க.”

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தன. கை விசிலைத்தான் பிடித்தது.

“டீச்சரம்மாவை இன்னாத்துக்குக் கேக்கறே?” என்றார் சிவகாமி. “தூக்கினது நான். கருட சேவைக்கு வரதரு வர்றப்போ ஆம்பளையும் பொம்பளையும் இடிச்சுக்கினுதானே நிக்கிறோம்? அன்னிக்கு எங்க போச்சுபா உன் தட்டி?”

“அது சாமிமா.”

“இது பந்துதானே? சாமியவே நேரா பாக்கலாம், பந்தைப் பாக்கக் கூடாதா?”

முன்வரிசையில் ஒரு கிழவர் முதலில் சிரித்தார். சிரிப்பு அப்படியே பரவி மைதானத்தின் அந்தக் கோடிவரை போனது. “வுடுய்யா, ஆட்டத்தைப் போடு!” என்று யாரோ கத்தினார்கள். செயலாளர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

லில்லி எங்கள் பக்கம் பார்த்து மட்டையை உயர்த்தினாள். ஆட்டம் தொடர்ந்தது. நான் வாசலுக்குத் திரும்பினேன். அதுதானே என் வேலை. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் “ஐயோ” என்றார்கள், சிரித்தார்கள். முதல் கைதட்டல் பரிமளாவுடையது என்று எனக்குத் தெரியும். ஆடுகிற கையின் தட்டல் தனியாகக் கேட்கும். அதட்ட வேண்டியவள் நான். அதட்டவில்லை. என் காது சிவகாமியின் சிரிப்பில் இருந்தது. சான்றிதழும் விசிலும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக நான் நினைத்துப் புழுங்கியதை அந்த அம்மாள் ஒரு கயிற்றை அவிழ்த்து முடித்துவிட்டார். முடித்துவிட்டு உட்கார்ந்து பார்க்கவும் செய்கிறார். எந்த அணி ஜெயித்தது என்பதைத் திரும்பி நடக்கும்போது பரிமளாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லில்லியின் அணி.

அடுத்த வாரம் அருணாசலம் பள்ளிக்கு வந்தார். பெரிய டீச்சர் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லியும் அருணாசலம் உட்காரவில்லை.

“ஆரணிலேர்ந்து ஆளு வந்து சொல்லிட்டாங்கமா. வேணாமாம். பெத்தவளே நடுக்கூட்டத்துல நின்னு சத்தம் போட்டா பொண்ணு எப்படி இருக்கும்னு கேக்கறாங்க. எல்லாம் இந்த டிரில் டீச்சரம்மாவால வந்தது. இவங்களை வேற ஊருக்கு மாத்துங்க. தெருவுல எல்லாரும் அதான் சொல்றாங்க.”

தெருவில் அப்படிப் பேசிக்கொள்வது எனக்கும் தெரியும். ஊரைவிட்டு மாற்றினால் எங்கே போவேன் என்று நினைத்துக்கொண்டு சுவரை ஒட்டி நின்றேன். பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை.

“அன்னைக்கு நீங்க கிரவுண்டுல இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“எங்கே?”

“எதிர்ப்பக்கம். சாமியானாவாண்ட.”

“எதுக்குப் போனீங்க?”

“ஆட்டம் பாக்க.”

“ஆடினது யாரு?”

“மதராஸ் பொண்ணுங்க” என்றார் அவர்.

“அந்தப் பொண்ணுங்களுக்கும் அப்பா இருப்பாங்க” என்றார் பெரிய டீச்சர். குரல் நன்றாக இறங்கியிருந்தது. “அவங்களை நீங்க பாக்கலாம். உங்க பொண்ணு பாக்கக் கூடாதா?”

அருணாசலம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபம் போய்விட்டிருந்தது.

“அதில்லமா. பொண்ணுக்கு வேற வரன் கெடைக்கும். நான் எதிர்ப்பக்கம் நின்னுக்கினு இருந்தேனா, தட்டி தூக்கினதும் அவ மூஞ்சி தெரிஞ்சுது. பந்து மேல போனா அவ மூஞ்சியும் மேல போவுது. சிரிக்கிறா. கொழந்தை மாரி. கல்யாணம் கட்டின நாள்லேர்ந்து என்னைப் பாத்து ஒரு நாளு அப்படி சிரிச்சதில்லமா. நான் பாக்காத சிரிப்பை அன்னிக்கு ஊரே பாத்துச்சு.”

அறையில் மூன்று பேரும் யாரையும் பார்க்காமல் இருந்தோம்.

“வரன் போனதுக்கு வருத்தப்படறேன்” என்றார் பெரிய டீச்சர் கடைசியில். “அந்த இன்னொண்ணுக்கு டிரில் டீச்சர் பொறுப்பாக முடியாது.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போன பிறகுதான் பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இந்த வருஷம் வெளி மேட்ச் எதுவும் வேணாம், டீச்சர். ஊர் வாய் அடங்கட்டும்.” அந்த வருடம்தான் முதல்முறையாக வேறு பள்ளியோடு ஆடக் கேட்டிருந்தோம்; மறுத்துப் பேசிப் பார்த்தேன். என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

பரிமளாவிடம் சொன்னபோது அவள் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். “வரன் போனா போவட்டும் டீச்சர்” என்றாள், அடிப்பதை நிறுத்தாமல். “மேட்ச் போச்சே.” அது அவளுக்குக் கடைசி வருடம். பள்ளி அணியில் அவள் வெளியே போய் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றுவரை இருக்கிறது.

அன்று வீட்டுக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அருணாசலம் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. தட்டியும் மானமும் ஊர்ப்பேச்சுமாக இத்தனை நாள் எங்களைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தது இதுதானா என்று நினைத்தேன். எனக்கு மட்டும்தான் பொறாமை என்று நினைத்திருந்தேன். ஊர் முழுக்க அதுதான் இருந்திருக்கிறது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. சிவகாமி சிரித்தால் அதைப் பார்த்து வயிறெரிய ஓர் ஆள் இருக்கிறார். நான் சிரித்தால் யாருக்கு நஷ்டம்? அதற்காகவும் அந்த அம்மாள்மேல் பொறாமைப்பட்டேன்.

அடுத்த வருடம் பக்கத் தட்டி மட்டும் கட்டினார்கள். முன்பக்கம் திறந்தே இருந்தது. செயலாளர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிவகாமி தன் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஜமக்காளத்தைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் வந்தவர் அருணாசலம். விரித்துக் கொடுத்துவிட்டு, பெண்கள் பகுதி முடிந்து ஆண்கள் பகுதி தொடங்கும் கோட்டை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் முழுவதும் அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தைப் பார்த்து நின்றவள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

பரிமளாவுக்கு அதே வருடம் வாலாஜாபாத்தில் நல்ல இடமாக அமைந்தது. சிவகாமிக்கு அதற்குள் ஆட்டத்தின் சட்டமெல்லாம் அத்துப்படி. நடுவர் தப்பாகச் சொன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்பார். சோபாவுக்கு வேறொரு அதிகாரியின் மனைவி வந்தார், பிறகு இன்னொருவர். நான் வாசலில் நின்றேன். லேடீஸ் பகுதிக்கு டிரில் டீச்சர் என்பது எழுதாத உத்தரவாகிவிட்டது.

பிறகு ஒரு வருடம், கழகத்தார் உள்ளூர்ப் பெண்களுக்கே ஓர் ஆட்டம் வைத்தார்கள். என் பிள்ளைகளும் இன்னொரு பள்ளிப் பிள்ளைகளும். நான் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கைகள் முதல்முறையாக ஊர் மைதானத்தில் ஆடப்போகின்றன. பெரிய டீச்சரும் வந்து சாமியானா நிழலில் உட்கார்ந்திருந்தார். வரிசையாகப் பிள்ளைகளை உள்ளே அனுப்பி, ஒவ்வொருத்திக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நான் வழக்கம்போல வாசலில் வந்து நின்றேன். வெளிப்பக்கம் பார்த்து.

நடுவர் விசில் ஊதினார். என் தோளில் ஒரு கை விழுந்தது.

“பெத்த கொழந்தைங்க மாரி வளத்துட்டு இப்படி வாசலைப் பாத்துக்கினு நிக்கிறீங்களே டீச்சரம்மா!” என்றார் சிவகாமி. “போங்க. என் எடத்துல போயி உக்காருங்க. கூட்டத்தை நான் பாத்துக்கறேன்.”

“பெரிய டீச்சர் எதிர்ல இருக்காங்க.”

“இருக்கட்டும். எவன் எட்டிப் பாக்கறான்னு நானும் பாக்கறேன்.” என் கழுத்திலிருந்து விசிலை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

போய் உட்கார்ந்தேன். எதிரே பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாலையில் காற்று கிழக்கே அடித்தது. பந்து வழக்கத்தைவிட நீளமாகப் போனது. முதல் சில பாயின்ட்டுகளில் எங்கள் பிள்ளைகள் தடுமாறினார்கள். பிறகு சென்டர் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள்; ஒரு அடி முன்னால் ஏறி நின்றாள். நான் வாயால் சொல்லிச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் போனது அதுதான். அவளாகவே ஏறினாள். மஞ்சள் பந்து வெயிலில் எழுந்து, திரும்பி, இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். யாருடைய முகத்திலிருந்தும் அதைக் கடன் வாங்கவில்லை. கைதட்டினேனா, கத்தினேனா என்று நினைவில்லை. பின்னாலிருந்து சிவகாமி, “டீச்சரம்மா, இன்னா ஆச்சு? யாரு பாயின்ட்டு?” என்று கேட்டது நினைவிருக்கிறது. பதில் சொல்ல நேரமில்லை. இன்னொரு முறையும் கேட்டார். “யோவ், தள்ளி நில்லுய்யா!” என்று யாரையோ அதட்டினார். மறுபடியும் கேட்டார். எனக்குக் காதில் விழுந்தது, வாய் திறக்கவில்லை. ஆட்டத்தை முடிக்கும் இருபத்தொன்பதாவது பாயின்ட் விழுந்து பிள்ளைகள் மட்டைகளை வீசியெறிந்தபோதுதான் எழுந்தேன்.

வாசலில் அவர் வெளிப்பக்கம் பார்த்து நின்ற நிலையிலேயே நின்றார். வியர்வையில் நெற்றிக் குங்குமம் கரைந்திருந்தது.

“யாரு ஜெயிச்சாங்க?”

“நம்ம பொண்ணுங்க.”

அப்போது அவர் திரும்பினார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குக் கீழே உதடு கொஞ்சம் கோணியிருந்தது. கண் என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. யாரோ பார்த்துவிட்டு வந்த ஆட்டத்தை அவர்கள் கண்ணுக்குள் தேடும் பார்வை. அது எனக்குத் தெரியாத பார்வையா?

விசிலைக் கழற்றி என் கையில் திணித்தார்.

“அடுத்த வருசம் நீங்கதான் நிக்கணும் டீச்சரம்மா. நான் உக்காந்துக்குவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அடுத்த வருடம் நான் நின்றேன். அதற்கடுத்த வருடம் அவர் நின்றார்.